உள்ளே இருந்தபோது என்ன நினைத்தீர்கள்?

அவர் கிணறு வெட்டுபவர். அறுபதடி ஆழத்தில் தூர் வாரிக்கொண்டிருந்தபோது கரை சரிந்து, மார்பு வரை மண்ணில் புதைந்து ஏழு மணி நேரம் கிடந்தவர். தீயணைப்புத் துறையினர் மேலே தூக்கியபோது கிணற்றைச் சுற்றி நின்ற ஊரே கைதட்டியது. யாரோ முன்கூட்டியே மாலை வாங்கி வைத்திருந்தார்களாம். மனநலச் சிகிச்சைக்காக என்னிடம் அவர் வந்தது நான்கு மாதம் கழித்து. தூக்கம் இல்லை. கதவைச் சாத்தினால் மூச்சு முட்டுகிறது. பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுகிறார். இரவில் குடிக்காமல் படுக்க முடிவதில்லை என்று கூட வந்த மனைவி சொன்னார்.

மீண்டு வந்தவரிடம் எல்லோரும் கேட்கிற அந்தக் கேள்வியை முதல் நாளே நானும் கேட்டுவிட்டேன். "உள்ள இருந்தப்ப என்ன நெனைச்சீங்க?"

பாடம் ஒப்பிப்பதுபோலப் பதில் வந்தது. "எம் பொண்ணு மொகந்தானுங்க கண்ணு முன்னால வந்துச்சு." நானும் அதை அப்படியே குறித்துக்கொண்டேன்.

நான்காவது முறை வந்தபோது மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவராகவே ஆரம்பித்தார். "அது நெசமில்லைங்க. மூணு நாள் கூலி பாக்கி இருந்துச்சு. நாம செத்துட்டா அந்தாளு குடுக்க மாட்டானேன்னுதானுங்க திரும்பத் திரும்ப நெனைச்சுட்டுக் கெடந்தேன். அத எப்படிங்க டீக்கடையில சொல்றது? டிவிக்காரங்க கேட்டாங்க, பொண்ணுன்னு சொன்னேன். அவ அதப் பள்ளிக்கூடத்துல எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டா. இப்ப அவ மொகத்தப் பாக்கவே சங்கடமா இருக்குதுங்க."

(அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மண்ணுக்குள்ளிருந்து மீண்டவர்களின் மனநிலை பற்றி மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். நான் எழுத நினைப்பது மேலே நின்று கைதட்டுகிற நம்மைப் பற்றி. நம் கைதட்டலில் தப்பில்லை. அதற்குப் பின்னால் ஒரு கதையை எதிர்பார்த்து நிற்கிறோமே, அங்கேதான் சிக்கல்.

2010 அக்டோபர் 13 காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புறநோயாளிகள் பிரிவில் மாட்டியிருந்த டிவியில் சிலி நாட்டுச் சுரங்க மீட்பு நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பது சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான அகலம் கொண்ட ஒரு இரும்புக் கூண்டு, தரைக்குள்ளிருந்து முதல் மனிதரை மேலே கொண்டுவந்தது. சீட்டு வாங்க நின்ற வரிசை கலைந்துபோனது. நர்ஸ்கள் கைதட்டினார்கள். நானும்தான். அட்டகாமா பாலைவனத்தில் கோபியாபோ நகருக்கு அருகே உள்ள சான் ஹோசே சுரங்கம் அது; செம்பும் தங்கமும் எடுக்கிற இடம். ஆகஸ்ட் 5-ஆம் தேதி பாறை சரிந்து, கிட்டத்தட்ட 700 மீட்டர் ஆழத்தில் 33 பேர் மாட்டிக்கொண்டார்கள். உயிரோடு இருக்கிறார்களா என்பதே 17 நாள் யாருக்கும் தெரியாது. இரண்டு நாளைக்கு ஒரு முறை ஆளுக்கு இரண்டு ஸ்பூன் டூனா மீன், கொஞ்சம் பால், ஒரு பிஸ்கட் என்று பங்கிட்டுக்கொண்டு காலம் தள்ளியிருக்கிறார்கள். ஆகஸ்ட் 22-இல் துளையிடும் கருவியின் முனையில் கட்டி அவர்கள் அனுப்பிய சீட்டு மேலே வந்தது. 'பாதுகாப்பு அறையில் நலமாக இருக்கிறோம், 33 பேரும்' என்று சிவப்பு எழுத்தில் இருந்த அந்த ஒற்றை வரியை அதிபர் செபாஸ்டியன் பின்யேரா கேமராக்களுக்கு முன் தூக்கிக் காட்டினார். நாடு முழுக்கத் தெருவில் இறங்கிக் கொண்டாடியது.

அந்தச் சீட்டு மேலே வந்த பிறகும் அவர்கள் வெளியே வர ஏழு வாரத்துக்கு மேல் ஆனது. சுரங்கத்துக்கு மேலே குடும்பங்கள் போட்ட கூடாரங்களுக்கு 'நம்பிக்கை முகாம்' என்று பெயர். கடைசி நாட்களில் அங்கே குடும்பத்தாரைவிட நிருபர்கள்தான் அதிகம். கீழே போன கடிதங்களையும் மேலே வந்த கடிதங்களையும் உளவியல் குழு முதலில் படித்துப் பார்த்தது. மனம் கலங்கிவிடக் கூடாது என்ற நல்லெண்ணம்தான், ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. எனக்கும் உடன்பாடில்லை. பாறைக்குக் கீழே கிடப்பவரிடம் மிச்சமிருப்பது தன் வீட்டாரோடு பேசுகிற உரிமை ஒன்றுதான். அதையும் நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாட்டிக்கொண்டவர்களில் ஒருவருக்காக அவர் மனைவியும் காதலியும் ஒரே முகாமில் காத்திருந்தார்கள் என்ற செய்தி வெளியானதும் உலகமே அதைச் சொல்லிச் சிரித்தது. அந்த மனிதர்தான் கீழே மற்றவர்களுக்கு ஊசி போட்டு, உடல்நிலையைக் குறித்து மேலே இருந்த மருத்துவர்களுக்குத் தெரிவித்துக்கொண்டிருந்தவர். அதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்?

வெளியே வருவதற்கு முன்பே அந்த 33 பேரும் தங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். யாரும் அறியாத அந்த முதல் 17 நாட்களைப் பற்றி யாரும் தனியாகப் பேசுவதில்லை. கதையில் வரும் பணத்தைச் சமமாகப் பங்கிட்டுக்கொள்வது. பலர் இதைப் பணத்தாசை என்றார்கள். அன்றைக்கு எனக்கும் கொஞ்சம் அப்படித்தான் பட்டது. கிணற்றுக்காரரின் கூலிக் கணக்கைக் கேட்ட பிறகுதான் வேறு மாதிரி தெரிகிறது. உலகம் கேட்கப்போகிற கதை தங்களிடம் இருக்கிற கதை இல்லை என்பது அவர்களுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும்.

கூண்டிலிருந்து இறங்கியவர்களுக்கு என்னவெல்லாம் கிடைத்தது! நாட்டின் தொழிலதிபர் ஒருவர் ஆளுக்கு 50 லட்சம் பேசோ கொடுத்தார். டிஸ்னி வேர்ல்டு, இஸ்ரேல் என்று சுற்றுலா. உள்ளே இருந்தபோது சுரங்கப் பாதையிலேயே ஓடிப் பழகிய ஒருவர் அடுத்த மாதமே நியூயார்க் மாரத்தானில் ஓடினார். முழங்கால் வலியோடு ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் ஓடியும் நடந்தும் முடித்தார். பார்த்தவர்களுக்கு அது வெற்றிக் கதை. அவரே பின்னர் மதுவோடும் மனச்சோர்வோடும் போராடி, சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது.

ஓராண்டு கழித்துப் பார்த்தால் காட்சி தலைகீழ். 33 பேரில் 31 பேர் அரசாங்கத்தின் மீது வழக்குப் போட்டிருந்தார்கள். 2007-இல் ஒரு தொழிலாளி இறந்ததால் மூடப்பட்ட சுரங்கம் அது, மறு ஆண்டே திறக்கப்பட்டது. காற்றுப்போக்கிக் குழாயில் ஏணி முழுமையாக இருந்திருந்தால் முதல் நாளிலேயே ஏறி வந்திருக்கலாம். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்கள். ஊருக்கோ அது நன்றிகெட்டத்தனமாகத் தெரிந்தது. கோபியாபோவில் நடந்த ஓராண்டு நிகழ்ச்சியில் அவர்கள் மீது பழங்களும் சிறு கற்களும் வந்து விழுந்தன. பணத்தில் புரள்கிறார்கள் என்று ஊர் நினைத்த அதே நாட்களில் பலருக்கு வேலையே கிடைக்கவில்லை. பெயர் பெற்றவனை வேலைக்கு வைத்தால் வம்பு என்று முதலாளிகள் ஒதுங்கினார்கள். விபத்து குறித்த குற்ற விசாரணை 2013-இல் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லாமலே முடிந்தது. விபத்தன்று சுரங்கத்துக்குள் இல்லாத, ஆனால் அதே நிறுவனத்தில் வேலை பார்த்த நூற்றுக்கணக்கானவர்கள் சம்பள பாக்கிக்காக அந்த முகாமுக்குப் பக்கத்திலேயே போராடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் புறநோயாளிகள் பிரிவு டிவியில் அவர்களைப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

மாலையும் கல்லும் ஒரே ஊரிலிருந்து, ஒரே வருடத்தில் எப்படி வந்தன? என் அனுபவத்தில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். மீண்டு வந்தவரை நாம் நம்முடைய ஆளாக ஆக்கிக்கொள்கிறோம். நாம்தானே வேண்டிக்கொண்டோம், விளக்கேற்றினோம், ராத்திரி முழுக்க விழித்திருந்தோம். அப்படியானால் அவர் நாம் நினைக்கிறபடி இருக்க வேண்டும். குடித்தால், கோபப்பட்டால், காசு கேட்டால், வேலைக்குப் போகாமல் உட்கார்ந்தால், 'இதுக்கா உன்னைக் காப்பாத்துனோம்' என்று ஆகிவிடுகிறது. என் கிணற்றுக்காரரிடம் இதே வார்த்தைகளை அவருடைய சொந்த மாமனே சொல்லியிருக்கிறார்.

'உனக்கு இது மறுபிறவி', 'நீ புண்ணியம் பண்ணவன்' என்பதெல்லாம் அன்பில் வருகிற பேச்சுதான். ஆனால் கூட இருந்தவர் யாராவது செத்திருந்தால் இந்த வார்த்தை எங்கே போய்க் குத்தும் என்று யோசியுங்கள். ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் பீக்கன்ஸ்ஃபீல்டு தங்கச் சுரங்கம் 2006 ஏப்ரல் 25-இல் சரிந்தது. உள்ளே மாட்டிய மூன்று பேரில் ஒருவர் இறந்துவிட, இருவர் ஒரு சிறிய இரும்புக் கூண்டுக்குள் 14 நாள் கிடந்து மே 9 விடியற்காலையில் வெளியே வந்தார்கள். ஊர் ஆர்ப்பரித்தது. இறந்தவரின் இறுதிச் சடங்கும் அதே நாளில்தான். மீண்டவர்களில் ஒருவர் சில மணி நேரத்தில் அங்கே போய் நின்றார். செத்தவன் புண்ணியம் பண்ணவில்லையா என்ற கேள்வி இப்படிப்பட்டவர்களை ராத்திரியில் எழுப்பிவிடும். 'நான் மட்டும் ஏன் இருக்கேன்' என்று கேட்கிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் பதில் கிடையாது. பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருக்க மட்டும் பழகியிருக்கிறேன்.

நல்ல செய்திக்கான அவசரமும் ஆளைக் கொல்லும். 2006 ஜனவரியில் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சேகோ நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிவிபத்து. உள்ளே 13 பேர். '12 பேர் உயிரோடு இருக்கிறார்கள்' என்று நள்ளிரவு வாக்கில் தவறாகப் பரவிய செய்தியில் தேவாலய மணி அடித்தது, குடும்பங்கள் கட்டிப்பிடித்து அழுதன. உண்மை நேர்மாறு: 12 பேர் இறந்துவிட்டார்கள், ஒருவர்தான் பிழைத்தார். அதைக் குடும்பங்களிடம் சொல்ல ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆனது. அன்று வாட்ஸ்அப் கிடையாது. இன்று அந்த மூன்று மணி நேரத்தில் என்னென்ன சுற்றும் என்று சொல்லத் தேவையில்லை. அடுத்த முறை 'மீட்கப்பட்டார்' என்று ஒரு செய்தி வந்தால், அனுப்பியவருக்கு அது எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு அப்புறம் அனுப்புங்கள்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் மாட்டிய 12 சிறுவர்களும் பயிற்சியாளரும் சுரங்கத் தொழிலாளர்கள் அல்ல. ஆனால் ஜூலை 18-இல் அவர்கள் ஊடகங்களைச் சந்தித்தபோது நிருபர்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மனநல வல்லுநர்கள் பார்த்து அனுமதித்தவற்றை மட்டுமே கேட்டார்கள். மீட்புப் பணியில் சமான் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் இறந்ததை, பையன்கள் உடலில் ஓரளவு தெம்பு வந்த பிறகு, மருத்துவர்கள் பக்கத்தில் இருக்கும்போது சொன்னார்கள். தொழிலாளிகளுக்கும் அந்த மரியாதை வேண்டும். வளர்ந்த ஆண் என்றால் தாங்கிக்கொள்வான் என்று யார் சொன்னது?

நம் நாட்டில் 2023 தீபாவளியன்று, நவம்பர் 12-இல், உத்தரகண்டின் சில்க்யாரா சுரங்கப்பாதை சரிந்து 41 தொழிலாளர்கள் 17 நாள் உள்ளே இருந்தார்கள். பெரும்பாலும் ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் என்று வேற்று மாநிலத்தவர். பெரிய இயந்திரம் உடைந்து நின்றுவிட, கடைசி மீட்டர்களைக் கையால் தோண்டி வழி திறந்தவர்கள் எலிவளைச் சுரங்கத் தொழிலாளர்கள் (எலி வளைபோலக் குறுகிய துளைகளைக் கையால் தோண்டுகிறவர்கள்) பன்னிரண்டு பேர். நாடே அவர்களைத் தோளில் தூக்கியது. மூன்றே மாதத்தில், 2024 பிப்ரவரியில், அவர்களில் ஒருவரின் வீடு டெல்லியில் ஆக்கிரமிப்பு என்று இடிக்கப்பட்டது. ஆக்கிரமிப்பா இல்லையா என்கிற சட்டச் சிக்கலுக்குள் நான் போகவில்லை. குடும்பத்தோடு அவர் தெருவில் நின்ற படத்தைப் பார்த்தபோது கோபியாபோவில் வீசிய கல்தான் ஞாபகம் வந்தது.

என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நடந்ததை விவரிக்கச் சொல்லாதீர்கள், அதுவாக வந்தால் கேளுங்கள். 'எல்லாத்தையும் கொட்டிட்டா பாரம் குறையும்' என்பது எல்லோருக்கும் பொருந்தாது. நடந்த உடனே வற்புறுத்திப் பேசவைப்பது உதவாது, சிலருக்கு நிலைமை மோசமாகக்கூட ஆகலாம். 'சாப்பிட்டீங்களா, ராத்திரி தூங்கினீங்களா, வேலைக்கு யாரைப் பார்க்கணும், நானும் வரட்டுமா' என்பவை நல்ல கேள்விகள். வீடியோவை அவருக்கே திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டாதீர்கள். திடுக்கிடுதல், கெட்ட கனவு, எரிச்சல் எல்லாம் முதல் சில வாரங்களில் வருவது இயல்பு. பலருக்குத் தானாகவே அடங்கிவிடும். ஒரு மாதத்துக்கு மேலும் நீடித்தால், குடி கூடினால், 'செத்திருக்கலாம்' என்ற பேச்சு வந்தால் காத்திருக்க வேண்டாம். சாவைப் பற்றிய பேச்சு என்றால் முதல் நாளே கூட்டி வாருங்கள். இதற்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் உண்டு, மருந்தும் உண்டு, இரண்டும் வேலை செய்கின்றன. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசலாம்.

கிணற்றுக்காரர் இப்போது கிணற்றில் இறங்குவதில்லை. மோட்டார் பழுது பார்க்கிற கடையில் வேலை. குடி நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. மகளிடம் உண்மையைச் சொன்னாராம். அவள் சிரித்துவிட்டு, "அப்ப எனக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டத்தானே நெனைச்சீங்க" என்றாளாம். போன மாதம் வந்தபோது, அந்த மூன்று நாள் கூலி கைக்கு வந்ததா என்று விசாரித்தேன்.

"ரெண்டு நாளைக்குத்தானுங்க குடுத்தாரு. கரை சரிஞ்ச அன்னைக்கு வேலை முடியலையாம்."