இறந்த நாயை குளோனிங் செய்ய முடியுமா, டாக்டர்?

செல்லப்பிராணி மருத்துவர்களிடம் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வரத் தொடங்கியிருக்கிறது. வயதான நாய்க்குச் சிறுநீரகம் கைவிட்டுவிட்டது, இனி சிகிச்சையால் பலன் இல்லை என்று சொன்னதும், கூட வந்த மகனோ மகளோ போனில் ஒரு வீடியோவைக் காட்டுவார்கள். "அமெரிக்காவில் பண்ணித் தர்றாங்களாமே?" உண்மைதான். டெக்சாஸில் ஒரு நிறுவனம் நாய்க்கு 50,000 டாலர் வாங்கிக்கொண்டு செய்து தருகிறது. அந்தப் பணத்துக்கு என்ன கிடைக்கிறது, அதற்காக யார் வயிற்றில் கத்தி விழுகிறது என்பதுதான் வீடியோவில் இருக்காது.

முதலில், கிடைப்பது என்ன? குளோனிங் என்றால் ஒரு விலங்கின் அதே மரபணுக்களோடு இன்னொன்றை உருவாக்குவது. நம் நாயின் தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து, அதன் செல்களை ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள். வேறொரு பெண் நாயின் கருமுட்டையிலிருந்து, மரபணுக்கள் இருக்கும் உட்கருவை உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நம் நாயின் செல்லை வைத்து மின்துடிப்பு கொடுத்து இணைக்கிறார்கள். கரு வளரத் தொடங்கினால் மூன்றாவது நாயின் வயிற்றில் வைக்கிறார்கள். 1996இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ அருகே ரோஸ்லின் ஆய்வகத்தில் டாலி செம்மறியாடு பிறந்ததும் அடிப்படையில் இப்படித்தான். 277 முட்டைகளில் முயன்று, 29 கருக்கள் தேறி, உயிரோடு பிறந்தது அந்த ஒன்றுதான்.

அச்சு அசலாக வரும் என்ற நம்பிக்கையை உடைத்தது ஒரு பூனை. 2001 டிசம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'சிசி'தான் உலகின் முதல் குளோன் பூனை. மூலப்பூனையான ரெயின்போ வெள்ளை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று நிறம் கொண்டது. சிசியின் உடம்பில் ஆரஞ்சு ஒரு பொட்டுகூட இல்லை! பெண் பூனையின் ஒவ்வொரு செல்லிலும், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களில் எக்ஸ் என்பது இரண்டு இருக்கும். அவற்றில் ஒன்று அடைபட்டுவிடும், அதாவது வேலை செய்யாது. ஆரஞ்சு நிற மரபணு எக்ஸில்தான் உள்ளது. எந்தச் செல்லில் எந்த எக்ஸ் அடைபடுகிறது என்பதைப் பொறுத்து ஒரு திட்டு ஆரஞ்சாகவும் அடுத்தது கறுப்பாகவும் அமையும். சிசி உருவான செல்லில் ஆரஞ்சு எக்ஸ் ஏற்கெனவே அடைபட்டிருந்தது. மரபணு அதேதான், பூனை வேறு. நிறத்துக்கே இந்தக் கதி என்றால் குணத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். உங்கள் பைக் சத்தம் தெருமுனையில் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்ததே, அது தோல் துண்டில் இல்லை. உங்கள் வீட்டில் வளர்ந்து கற்றுக்கொண்டது.

குளோன் என்றாலே சீக்கிரம் கிழடு தட்டிவிடும் என்று சொல்கிறார்களே, அது மிகைப்படுத்தல். டாலி 2003இல் இறந்தது செம்மறிகளைத் தாக்கும் ஒரு வைரஸ் உண்டாக்கிய நுரையீரல் கட்டியால். டாலியை உருவாக்கிய அதே செல்களின் வழியில் வந்த வேறு நான்கு குளோன் ஆடுகள் நல்லபடியாகவே முதுமை அடைந்ததை நாட்டிங்காம் ஆய்வாளர்கள் 2016இல் பதிவு செய்தார்கள். எனவே பிறந்து பிழைத்த குளோனைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. என் கவலை மற்ற நாய்களைப் பற்றியது.

நாயின் கருமுட்டை முற்றாத நிலையிலேயே வெளியேறி, கருக்குழாயில் இரண்டு மூன்று நாள் தங்கித்தான் பக்குவமாகிறது. ஆய்வகத்தில் முற்ற வைப்பது சரியாக வருவதில்லை. அதனால் உயிருள்ள நாய் பருவத்துக்கு வரும்வரை காத்திருந்து (வருடத்துக்கு ஒன்றிரண்டு முறைதான்), வயிற்றைத் திறந்து, குழாய்க்குள் திரவம் செலுத்திக் கழுவி முட்டையைச் சேகரிக்கிறார்கள். பெண் நாய்களுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்யும் எவருக்கும் அந்த இடம் தெரியும். சூலகம் கொழுப்புப் பைக்குள் புதைந்திருக்கும், விரலால் தடவித்தான் தேட வேண்டும். அப்புறம் தையல், வலி மருந்து, நக்காமல் இருக்கக் கழுத்துப் பட்டை. கருத்தடையிலாவது அந்த நாய்க்கு ஒரு பலன் உண்டு. இதில் என்ன இருக்கிறது?

2005இல் தென்கொரியாவின் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் பிறந்த 'ஸ்னப்பி' முதல் குளோன் நாய். 1,095 கருக்களை 123 பெண் நாய்களின் உடலில் வைத்தார்கள். கருத்தரித்தது மூன்று. ஒன்று கலைந்தது, இன்னொரு குட்டி பிறந்து 22ஆம் நாள் நிமோனியாவில் இறந்தது. மிஞ்சியது ஸ்னப்பி. (அந்தக் குழுவின் தலைவர் ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருவைக் குளோன் செய்து செல் எடுத்ததாக வெளியிட்ட கட்டுரைகள் மோசடி என்று பிறகு அம்பலமானது. ஸ்னப்பி மட்டும் நிஜம்.) அதன்பின் வெற்றி விகிதம் கூடியிருக்கிறது. ஆனாலும் ஒரு நாய்க்காகப் பல நாய்கள் என்ற கணக்கு மாறவில்லை.

எருமையில் கதை வேறு. ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனம் 2009இலேயே எருமைக்கன்றைக் குளோன் செய்தது. முதல் கன்று சில நாட்களிலேயே இறந்தது. அடுத்து வந்த கரிமா பிழைத்தது. அதற்கான முட்டைகள் இறைச்சிக்கூடத்தில் கிடைத்த சூலகங்களிலிருந்து எடுத்தவை. எருமை முட்டையை ஆய்வகத்தில் முற்ற வைக்கலாம் என்பதால் முட்டைக்காக உயிருள்ள எந்த எருமையின் வயிற்றையும் திறக்க வேண்டியதில்லை. குளோனிங் என்று ஒரே பெயரில் எல்லாவற்றையும் எதிர்ப்பதும் ஆதரிப்பதும் எனக்குச் சரிப்படாதது இதனால்தான்.

ராஜபாளையம் நாயை இப்படிக் காப்பாற்றலாமே என்று ஆர்வலர்கள் சிலர் கேட்கிறார்கள். அந்த இனத்தின் தொல்லையே நெருங்கிய உறவுக்குள் இனச்சேர்க்கை செய்வது. நல்ல நாய் ஒன்றையே திரும்பத் திரும்பப் படியெடுத்தால் அந்தத் தொல்லை கூடத்தான் செய்யும். இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் கருங்கால் ஃபெரெட் என்ற சிறு ஊனுண்ணி அழிவின் விளிம்பில் இருந்தது. இன்றுள்ளவை எல்லாம் ஏழே விலங்குகளின் வாரிசுகள். அந்த ஏழில் சேராத ஒரு பெண் விலங்கின் செல் 1988இல் உறையவைக்கப்பட்டிருந்தது. அதிலிருந்து 2020 டிசம்பரில் ஒரு குளோன் பிறந்தது. அங்கே குளோனிங் புது ரத்தம் கொண்டுவந்தது. அதற்கு நான் கைதட்டுவேன்.

செல்ல நாய்க்காகத் தோல் திசு எடுத்துத் தரக் கேட்பவர்களை நான் விரட்டுவதில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் உபதேசம் செய்ய முடியாது. சிலர் இறந்த நாயின் உடலை அவசரத்தில் ஃப்ரீசரில் வைத்துவிடுகிறார்கள். உறைந்தால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும், பிறகு பெரும்பாலும் எதுவும் செய்வதற்கில்லை. அதைச் சொல்லிவிட்டு, பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் எழுத்தில் சில பதில்கள் வாங்கச் சொல்கிறேன். முட்டைக்காக எத்தனை நாய்களுக்கு ஆபரேஷன் நடக்கும்? வாடகைத் தாயாக எத்தனை? ஒரே நாய்க்கு எத்தனை முறை? ஒன்றுக்கு மேல் குட்டி பிறந்தால் மற்றவை எங்கே போகும்? வேலை முடிந்த தாய் நாய்களை யார் வைத்துக்கொள்வார்கள்? பதில் வந்தால் என்னிடம் கொண்டுவாருங்கள், சேர்ந்து படித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பேன்.