டேப்லெட்டைப் பிடுங்கும் முன்

குழந்தைக்கு டேப்லெட் என்றதும் ‘எத்தனை மணி நேரம் கொடுக்கலாம்?’ என்பதுதான் பெற்றோரின் முதல் கேள்வி. ஸ்பீச் தெரபிஸ்ட்டாக நான் பார்க்கும் குழந்தைகளில் பலருக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது. ஆட்டிசம், பெருமூளை வாதம் போன்ற காரணங்களால் வாய்ப்பேச்சு வராத குழந்தைகள் அவர்கள். படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை உரக்கச் சொல்லும் செயலி அவர்கள் டேப்லெட்டில் இருக்கும். அவர்கள் பேசுவது அதில்தான். அடம்பிடித்ததற்குத் தண்டனையாக அதை வாங்கி அலமாரியில் வைத்தால், குழந்தையின் வாயைப் பொத்தியதாகத்தான் அர்த்தம்.

1989-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 13-ஆவது பிரிவு, பேசியோ எழுதியோ வரைந்தோ, தான் விரும்பும் வேறு வழியிலோ கருத்தைச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. ஆகவே இந்தக் கருவி யாரும் மனமிரங்கித் தரும் சலுகை அல்ல.

‘இதைக் கொடுத்தால் அப்புறம் வாய்ப்பேச்சே வராதே?’ என்று பலர் பயப்படுகிறார்கள். வாய்ப்பேச்சுக்கு மாற்று வழிகளைப் பயன்படுத்தியவர்களைப் பற்றி 2006-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பில், நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. 89 சதவீதத்தினருக்குக் கூடியிருந்தது, பலருக்குக் கொஞ்சம்தான் என்றாலும்.

என்னை அதிகம் உறுத்துவது செயலிக்குள் இருக்கும் சொற்கள். திறந்து பார்த்தால் தண்ணீர், பந்து, பாட்டு, ஊஞ்சல் என்று எல்லாமே கேட்டு வாங்கும் சொற்களாக இருக்கும். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘வலிக்கிறது’, ‘தொடாதே’, ‘அவர் என்னை அடித்தார்’ எல்லாம் எங்கே? அந்தரங்க உறுப்புகளின் பெயர்கள் எங்கே? கூச்சப்பட்டு அவற்றை விட்டுவிடுகிறோம். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகள் வன்முறைக்கு ஆளாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ 3.7 மடங்கு அதிகம் என்று 2012-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. நடந்ததைச் சொல்லச் சொல்லே இல்லாத குழந்தை யாரிடம் எப்படி முறையிடும்?

சொற்களைச் சேர்த்தால் மட்டும் போதாது. குழந்தை ‘வேண்டாம்’ என்று அழுத்தியதும் நாம் கையை எடுக்க வேண்டும். பல் தேய்ப்பது மாதிரி தவிர்க்க முடியாத வேலை என்றால், ‘வேண்டாம்னு சொல்றே, புரியுது’ என்றாவது சொல்லிவிட்டுத் தொடருங்கள். நாலு முறை அழுத்தியும் யாரும் காதில் வாங்காவிட்டால் அந்தப் பொத்தானைக் குழந்தை மறந்துவிடும். நீங்களும் பேசும்போது கூடவே படங்களைத் தொட்டுக் காட்டிப் பேசுங்கள். பிள்ளை மொழி கற்பது அப்படித்தான்.

படங்களின் இடத்தை அடிக்கடி மாற்றாதீர்கள், விரல் பழகிய இடம் அது. விளையாட்டுகளுக்குத் தாவாமல் இருக்க திரையை ஒரே செயலியில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டு: ஐபேடில் கைடட் ஆக்சஸ், ஆண்ட்ராய்டில் ஆப் பின்னிங். சார்ஜ் தீரும் நேரத்துக்கு அதே பக்கங்களை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். சில செயலிகள் குழந்தை சொன்னதையெல்லாம் சேமித்து வைக்கும், அதை யார் பார்க்க முடியும் என்று அமைப்புகளில் பாருங்கள்.

கருவி பள்ளியோ மையமோ கொடுத்தது என்றால், விடுமுறையிலும் அது குழந்தையோடு வீட்டுக்கு வரும் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். பள்ளி மாறும்போது உள்ளே இருக்கும் சொற்பக்கங்களின் நகலையும் கேட்டுப் பெறுங்கள்.