பொருள்நோக்கு நிரலாக்கம்: தொடக்கநிலை மாணவர்களுக்கு எந்த மென்பொருள்?

பொருள்நோக்கு நிரலாக்கத்தை (தரவையும் அதன்மேல் செயல்படும் கட்டளைகளையும் 'ஆப்ஜெக்ட்' என்ற அலகுகளாகத் தொகுத்து நிரல் எழுதும் முறையை) முதன்முதலாகக் கற்பிக்கும்போதே, நாளை வேலையில் பயன்படப்போவது இதுதானே என்று எண்ணி, எக்லிப்ஸ், இன்டெல்லிஜே போன்ற, நிரல் எழுத உதவும் தொழில்முறை மென்பொருள்களை மாணவர்களின் கணினிகளில் நிறுவிவிடுகிறோம். ஜாவா நிரல்மொழியைக் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த அவசரம் அடிப்படைப் புரிதலையே கெடுக்கிறது என்று அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

வகுப்பில் அடிக்கடி நடப்பதைப் பாருங்கள். மாணவர் வங்கிக் கணக்கைக் குறிக்க 'கணக்கு' என்றொரு கிளாஸ் (ஆப்ஜெக்ட்களை உருவாக்குவதற்கான வார்ப்பு) எழுதி, அதில் பணம் செலுத்துவதற்கு ஒரு மெத்தடும் (செயல்முறையும்) சேர்க்கிறார். ஆப்ஜெக்ட் எதையும் உருவாக்காமல், நிரல் ஓடத் தொடங்கும் இடமான மெயின் மெத்தடிலிருந்து அதை நேரடியாக அழைக்கிறார். பிழை காட்டும் இடத்தில் கர்சரை வைத்தால், அந்த மெத்தடை ஸ்டாட்டிக் ஆக்கலாம் (அதாவது, தனித்தனி ஆப்ஜெக்டுக்கு அல்லாமல் கிளாஸுக்கே உரியதாக்கலாம்) என்று மென்பொருளே வழி சொல்கிறது. ஒரு கிளிக்கில் பிழை மறைகிறது. அடுத்து, இருப்புத் தொகையை வைத்திருக்கும் மாறியும் அதே வழியில் ஸ்டாட்டிக் ஆகிவிடுகிறது. நிரல் ஓடுகிறது, விடையும் சரியாக வருகிறது. இரண்டாவது கணக்கு தேவைப்படும்போதுதான், ஒன்றில் செலுத்திய பணம் மற்றதிலும் தெரிவதைக் கண்டு அவர் திகைக்கிறார். கிளாஸ் வேறு, ஆப்ஜெக்ட் வேறு என்று அவர் உணர்ந்திருக்க வேண்டிய தருணத்தை அந்த ஒரு கிளிக் பறித்துவிட்டது. அனுபவமுள்ளவருக்கு இது நல்ல வசதிதான். எதை ஏற்கலாம், எதைத் தள்ளலாம் என்று அவருக்குத் தெரியும்.

இந்தச் சிக்கலை மனத்தில் வைத்து உருவானது புளூஜே. மைக்கேல் கோலிங்கும் ஜான் ரோசன்பெர்க்கும் 1999-இல் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இம்மென்பொருளில் கிளாஸ்கள் பெட்டிகளாகத் திரையில் தெரியும். ஒன்றின் மேல் வலது கிளிக் செய்து ஆப்ஜெக்டை உருவாக்கினால், அது திரையின் கீழ்ப்பகுதியில் தனிப் பெட்டியாக வந்து நிற்கும். மெயின் மெத்தடே எழுதாமல் அதன் மெத்தட்களை அழைக்கலாம், இருமுறை கிளிக் செய்து உள்ளிருக்கும் மதிப்புகளைப் பார்க்கலாம். ஒரே கிளாஸிலிருந்து இரண்டு கணக்குகளை உருவாக்கி, ஒன்றில் மட்டும் பணம் செலுத்தி, இரண்டையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல மணி நேர விளக்கத்தைவிட அது தெளிவாகப் புரியவைக்கும்.

விளையாட்டுகளில் ஆர்வமுள்ள இளையவர்களுக்கு, விளையாட்டுகளை உருவாக்கியே ஜாவா கற்க உதவும் கிரீன்ஃபுட் ஏற்றது. பைத்தான் மொழியில் தொடங்குபவர்களுக்குப் பைத்தான் டியூட்டர் என்ற இணையதளம், எந்த மாறி எந்த ஆப்ஜெக்டைச் சுட்டுகிறது என்பதை அம்புக்குறிகளால் காட்டுகிறது. 2025-இல் வந்த ஜாவா 25 பதிப்பு, மெயின் மெத்தட் ஸ்டாட்டிக் ஆக இருக்க வேண்டிய கட்டாயத்தை நீக்கியிருப்பது வரவேற்கத்தக்கதே. எனினும் ஆப்ஜெக்டைக் கண்முன் காட்டும் வேலையை ஒரு மொழி மாற்றம் செய்துவிடாது.

தொழில்முறை மென்பொருளுக்கு மாறத்தான் வேண்டும். ஆனால் எப்போது மாறுவது என்பதைப் பாடத்திட்டத்தின் வாரக் கணக்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மாறிகள் ஒரே ஆப்ஜெக்டைச் சுட்டும் சிறு நிரல் ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்குப் பிறகும் எந்த ஆப்ஜெக்டில் என்ன மதிப்பு இருக்கும் என்று தாளில் வரையச் சொல்லுங்கள். உதவியின்றிச் சரியாக வரைபவர் அன்றே மாறலாம். தடுமாறுபவர் இன்னும் சில காலம் புளூஜேயிலேயே இருக்கட்டும்.