மண்ணீரல் திரையில் தட்டுப்படாது

2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்ததும் விடுதியைக் காலி செய்துவிட்டுப் போன மருத்துவ மாணவர்கள், டிசம்பரில்தான் வகுப்புக்குத் திரும்பினார்கள். நடுவில் எல்லாமே செல்போன். இன்னொரு பெருந்தொற்று வந்தாலும் இதே வழிதான். எது திரையில் தேறும், எது தேறாது என்று இப்போதே பிரித்து வைத்துக்கொள்ளலாம். சேலத்தில் பொது மருத்துவம் சொல்லிக்கொடுப்பவனாக இதை எழுதுகிறேன்.

ஈசிஜி, எக்ஸ்ரே, நோய்க்குறியியல் ஸ்லைடு எல்லாம் திரையில் நன்றாகவே தேறும். ஒரு மைக்ராஸ்கோப்பைச் சுற்றி முண்டியடிப்பதைவிட இது மேல். இதில் புலம்ப ஒன்றுமில்லை.

இதய ஒலி அப்படியில்லை. வீடியோ வகுப்புச் செயலிகள் பேச்சைத் தெளிவாக்க, பின்னணிச் சத்தத்தை வடிகட்டும். அவற்றின் கணக்கில் மர்மரும் (இதயத்துடிப்புக்கு இடையே கேட்கும் இரைச்சல்) நுரையீரலின் கரகரப்பும் ஃபேன் சத்தத்தோடு சேர்த்திதான். தவிர, இதய ஒலிகள் பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பவை. செல்போனின் சின்ன ஸ்பீக்கரில் அவை சரியாக எழும்பாது. ஒலிப்பதிவைத் தனிக் கோப்பாக அனுப்பி, நல்ல ஹெட்போனில் கேட்கச் சொல்ல வேண்டும்.

மண்ணீரலுக்கு எந்த ஹெட்போனும் உதவாது. இயல்பான மண்ணீரல் பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாது. இரண்டு மூன்று மடங்கு பெருத்தால்தான் இடது விலா விளிம்பைத் தாண்டி வரும். வளர்வதோ வலது அடிவயிற்றை நோக்கிச் சாய்வாக. அதனால் கையை அங்கிருந்து தொடங்கி இடது விலாவை நோக்கி மேலே கொண்டுபோக வேண்டும். விலாவை ஒட்டித் தொடங்குகிறவர், பெருத்த மண்ணீரலின் மேலேயே கையை வைத்துக்கொண்டு “ஒன்றும் இல்லை சார்” என்பார். நோயாளி மூச்சை இழுக்கும்போது அதன் விளிம்பு இறங்கி வந்து விரலில் இடிக்க வேண்டும். எவ்வளவு அழுத்துவது என்பதை வாயால் சொல்ல முடியாது. மாணவர் கைமேல் நம் கையை வைத்துத்தான் காட்ட முடியும்.

அப்புறம் டவர். சேலம் டவுனில் இருப்பவருக்கு நேரலை வகுப்பு சரி. ஏற்காட்டுக்கு அப்பால் காபித் தோட்டத்து ஊரில் இருப்பவர் சிக்னல் தேடி மேட்டில் ஏறி நிற்க வேண்டும். மழை வந்தால் அதுவும் போச்சு. அவருக்கு வருகைப் பதிவில் ஆப்சென்ட் போடுவது அநியாயம். பாடத்தைச் சிறு துண்டுகளாகப் பதிவு செய்து அனுப்பினால், டவர் கிடைத்த நேரத்தில் இறக்கிக்கொள்வார்.

நோயாளியிடம் விவரம் கேட்கும் பயிற்சியைப் போனிலேயே தரலாம். 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்ததிலிருந்து மருத்துவர்களுக்கு அதுவும் அன்றாட வேலைதான். வீட்டில் அம்மாச்சிக்கு ரத்த அழுத்தம் பார்த்துப் பழகுவதும் நல்லதே. கஃபை, அதாவது கையில் சுற்றும் பட்டையை, சேலைமேல் சுற்றாதீர்கள், கால்மேல் கால் போட்டு உட்காரவிடாதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வகுப்புக்கு என்று வார்டில் எடுக்கும் வீடியோ வாட்ஸ்ஆப் குழுவில் விழுந்தால், அது எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. எதற்காக எடுக்கிறோம், யார் பார்ப்பார்கள் என்று சொல்லி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். முகம் தெரிய வேண்டாம், படுக்கை எண்ணும் வேண்டாம். நோயாளிகளே, பிடிக்கவில்லை என்றால் மறுத்துவிடுங்கள். அதற்காக உங்கள் சிகிச்சையில் யாரும் குறை வைக்கக் கூடாது.

கல்லூரி திறந்ததும் விட்டுப்போன விரிவுரைகளைப் பிடிக்க ஓடாமல், முதல் சில வாரங்களை முழுக்க வார்டுக்கே ஒதுக்குங்கள். விரிவுரையை இரவில் செல்போனில் கேட்டுக்கொள்வார்கள்.