ஸ்டாட்டின்: கரைப்பதும் இல்லை, கொழுப்பும் இல்லை

‘கொழுப்பைக் கரைக்கும் மாத்திரை.’ ரத்தத்தில் கொலஸ்ட்ராலைக் குறைக்கத் தரும் ஸ்டாட்டின் மாத்திரைக்கு நாளிதழ் இணைப்பு, காலை நேரத் தொலைக்காட்சி, மெடிக்கல் கடை என எங்கு திரும்பினாலும் இந்தப் பெயர்தான். போதாக்குறைக்கு ‘கொழுப்புக் கரைப்பான்’ என்று சுருக்கிக் கலைச்சொல்லாகவே ஆக்கப் பார்க்கிறார்கள்.

வேர் எளிது. கிரேக்கத்தில் ‘கோலே’ பித்தம், ‘ஸ்டெரியோஸ்’ திண்மம். பித்தக்கல்லில் கண்ட பொருள் கொலஸ்ட்ரால். ‘ஸ்டாட்’ என்றால் நிற்பது, நிறுத்துவது, அதிலிருந்து ஸ்டாட்டின். ஜப்பானிய உயிர்வேதியியலாளர் அகிரா எண்டோ 1970களில் பூஞ்சையிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தார். 1987இல் லோவாஸ்டாட்டினுக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது.

இதில் கரைப்பான் எங்கே வந்தது? பள்ளிப் பாடத்தில் கரைப்பான் என்றால் உப்பைக் கரைக்கும் தண்ணீர். கொழுப்புக்குக் கரைப்பான் ஈதர், பெட்ரோல். அதையா ராத்திரி சாப்பிட்டுவிட்டு விழுங்குகிறோம்? ஸ்டாட்டின் எதையும் கரைப்பதில்லை. கொலஸ்ட்ரால் செய்யக் கல்லீரலுக்குத் தேவையான ஒரு நொதியைத் தடுக்கிறது. உற்பத்தி குறைந்ததும் கல்லீரல் தன் தேவைக்காக கொலஸ்ட்ராலைச் சுமந்து ரத்தத்தில் ஓடும் எல்டிஎல் துகள்களை இழுத்துக்கொள்கிறது. அளவு இறங்குவது இப்படித்தான்.

‘கொழுப்பு’ என்பதும் தப்பு. ரத்தப் பரிசோதனைத் தாளில் டிரைகிளிசரைடு என்று தனி வரி இருக்கிறதே, வேதியியல்படி கொழுப்பு அதுதான். அதையும் கொலஸ்ட்ராலையும் சேர்த்துக் கொழுப்பு என்றால் தாளை எப்படிப் படிப்பது?

இளவயதுக்காரர்களிடம்தான் இந்தப் பெயர் வினையாகிறது. பரம்பரையாக எல்டிஎல் ஏறியிருப்பவர்கள் உலக அளவில் ஏறத்தாழ 250 பேரில் ஒருவர். 25 வயது, ஒல்லி உடம்பு, எல்டிஎல் 190 மி.கி./டெ.லி.க்கு மேல். கொழுப்பு மாத்திரை என்றால், ‘எனக்கு ஏது கொழுப்பு?’ என்பார். (வீட்டில் அதற்குக் கிடைக்கும் பதிலைச் சொல்லவே வேண்டாம்.) அப்படியே சாப்பிட்டாலும், எண் இறங்கியதும் ‘அதான் கரைஞ்சிடுச்சே’ என்று தானாக நிறுத்திவிடுவார். கல்லீரல் பழையபடி வேலையைத் தொடங்கும்; சில வாரங்களில் எண் ஏறிவிடும்.

‘கொலஸ்ட்ரால் ஆக்கத் தடுப்பி’ என்றால் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பெயரிலேயே தெரியும். பேச்சுக்குக் ‘கொலஸ்ட்ரால் குறைக்கும் மாத்திரை’ போதும். கொலஸ்ட்ரால் தமிழில்லையே என்று சண்டைக்கு வருபவர்கள் நல்ல சொல் ஒன்று கொண்டு வரட்டும், எடுத்துக்கொள்கிறேன். தமிழாக இருக்கிறது என்பதற்காகப் பொய்யான சொல்லை ஏற்க முடியாது.

‘நல்ல கொழுப்பு, கெட்ட கொழுப்பு’ இன்னொரு தலைவலி. அப்படி அழைக்கப்படும் எச்டிஎல், எல்டிஎல் இரண்டும் கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் துகள்கள்; இரண்டிலும் இருப்பது ஒரே கொலஸ்ட்ரால். அதற்கு யார் நடத்தைச் சான்றிதழ் கொடுத்தது?