கருப்புக்குப் பிறகு வெள்ளை: சாயப்பட்டறையில் வேலை வரிசை போடுவது எப்படி?

திருப்பூர்ச் சாயப்பட்டறை ஒன்றில் 500 கிலோ சாஃப்ட் ஃப்ளோ மெஷினுக்கு (துணியைச் சாயநீரில் சுற்றவிட்டு நிறமேற்றும் மெஷின்) ஐந்து லாட் (ஒன்றாகச் சாயமேற்ற வேண்டிய துணித் தொகுதி) காத்திருப்பதாக வைத்துக்கொள்வோம்: கருப்பு, வெள்ளை, நேவி, இளமஞ்சள், வான நீலம். கோரா துணி, அதாவது சாயமேறாத துணி, வந்து இறங்கிய வரிசையும் இதுதான். இப்படியே ஏற்றினால், கருப்பு முடிந்ததும் மெஷினைக் கழுவியாக வேண்டும். ஒட்டிய சாயத்தை நீக்கும் ரசாயனங்களான காஸ்டிக்கும் ஹைட்ரோவும் போட்டுத் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, வடித்து, அலசி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகும் என்று கொள்வோம். கழுவாமல் விட்டால் நாசிலிலும் பம்பிலும் ஒட்டியிருக்கிற கருப்பு, அடுத்து வரும் வெள்ளையில் ஏறித் துணி மங்கிவிடும். வெள்ளைக்குப் பின் நேவி வரும்போது கழுவத் தேவையில்லை. நேவிக்குப் பின் இளமஞ்சள் என்றால் மறுபடியும் கழுவ வேண்டும். ஆக 3 மணி நேரம் கழுவலுக்கே போகிறது.

இதையே வெள்ளை, இளமஞ்சள், வான நீலம், நேவி, கருப்பு என்று ஏற்றினால் கடைசியில் ஒரே ஒரு கழுவல். ஆளும் கூடவில்லை, மெஷினும் கூடவில்லை. வரிசை மாறியதில் மட்டும் ஒன்றரை மணி நேரமும், ஒரு கழுவலின் தண்ணீரும் நீராவியும் மிச்சம். ஐந்து லாட்டை 120 விதமாக அடுக்கலாம். பத்து லாட் ஆனால் 36,28,800 விதம். மனக்கணக்கில் எல்லாவற்றையும் ஒப்பிட முடியாது என்பதால்தான் விதிகள் தேவைப்படுகின்றன.

வெளிர் முதல் அடர் வரை என்பது நல்ல விதி. ஆனால் கருப்புக்குத்தான் டெலிவரி தேதி நெருக்கம் என்றால் அதைக் கடைசியில் தள்ள முடியாது. இதற்கு நடைமுறையில் நன்றாக வேலை செய்யும் வழி, மெஷின்களையே பிரித்துவிடுவது: ஒன்றில் வெள்ளையும் வெளிர் நிறங்களும் மட்டும், இன்னொன்றில் அடர் நிறங்கள் மட்டும். பிறகு ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் டெலிவரி தேதிப்படி அடுக்கிக்கொள்ளலாம்.

மெஷின் காலியாக இருக்கிறதே என்பதற்காக லாட்டை உடைத்து இரண்டில் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. ஒரே ரெசிபி, ஒரே எடை விகிதம் என்றாலும் இரண்டு மெஷினில் இறங்கும் துணி ஒரே ஷேடில் வரும் என்று சொல்ல முடியாது. 500 கிலோ மெஷினில் 250 கிலோ மட்டும் ஏற்றினாலும் சிக்கல்தான். துணிக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதம் மாறினால், லேபில் எடுத்த ஷேடு மெஷினில் கிடைக்காது. இன்னொன்று, ரிப். டி-ஷர்ட்டின் கழுத்துக்குப் போகும் ரிப் துணி, உடல் துணியோடு அதே லாட்டில் சாயமேற வேண்டும். உடல் துணியான 480 கிலோ ஜெர்சி தயாராக இருந்து 20 கிலோ ரிப் நிட்டிங்கிலிருந்து வரவில்லை என்றால் லாட் தயாராகவில்லை என்றே கொள்ள வேண்டும். ரிப் வந்து சேராத லாட்டை அட்டவணையில் ஏற்றவே கூடாது. நிற்கும் மெஷின்களில் பலவும் இந்த 20 கிலோவுக்காக நிற்பவைதான்.

சாயமேற்றுவது பாதி வேலை. துணி அடுத்து, அதை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்ட்டருக்குப் போக வேண்டும். 1.8 மீட்டர் அகலம், சதுர மீட்டருக்கு 180 கிராம் எடையுள்ள துணி நிமிடத்துக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடினால், மணிக்குச் சுமார் 390 கிலோ. நிறுத்தம், துணி மாற்றம் போக நாளுக்கு 20 மணி நேரம் ஓடினால் 7.8 டன். சாய மெஷின்கள் எல்லாம் சேர்ந்து 10 டன் இறக்கும் திறன் கொண்டவை என்றால், தினமும் 2 டன்னுக்கு மேல் ஈரத்துணி டிராலியில் தேங்கும். ஈரத்துணி காத்திருந்தால் மேல்மடிப்பு காய்ந்து திட்டு விழும். நாள்கணக்கானால் பூஞ்சை பிடிக்கும். திட்டு விழுந்த துணி மறுசாயத்துக்குத் திரும்பி வந்து, இருக்கிற நெரிசலை இன்னும் கூட்டும். ஆகவே முதலில் ஸ்டென்ட்டருக்கு அட்டவணை போட்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுத்தான் சாய மெஷினில் எந்த லாட் எப்போது ஏற வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டும். மெஷின் சும்மா நிற்கக் கூடாது என்று எல்லாவற்றையும் ஓட்டுவது நஷ்டத்துக்கு வழி.

ஸ்டென்ட்டருக்கும் அதற்கடுத்த காம்பாக்டருக்கும் (துணி பின்னால் சுருங்காதபடி முன்கூட்டியே சுருக்கும் மெஷின்) இடையே வரிசை போட ஓர் அழகான விதி உண்டு. அமெரிக்கக் கணித அறிஞர் செல்மர் ஜான்சன் 1954இல் வெளியிட்டது. நான்கு லாட், ஸ்டென்ட்டரில் ஆகும் மணி நேரம் முதலில், காம்பாக்டரில் ஆவது அடுத்து: அ (3, 1), ஆ (4, 2), இ (1, 3), ஈ (2, 4). இருக்கிற எண்களிலேயே சிறியதைப் பிடியுங்கள். அது ஸ்டென்ட்டர் நேரமானால் அந்த லாட் வரிசையின் தலைக்கு, காம்பாக்டர் நேரமானால் வாலுக்கு. அதை நீக்கிவிட்டு மீதிக்கும் இப்படியே. கிடைப்பது இ, ஈ, ஆ, அ. அ, ஆ, இ, ஈ என்று வந்தபடி ஓட்டினால் முழுதும் முடிய 16 மணி நேரம். ஜான்சன் வரிசையில் 11. காம்பாக்டருக்குள்ள மொத்த வேலையே 10 மணி நேரம், அதற்கு முதல் துணி வந்து சேரக் குறைந்தது 1 மணி நேரம். அதனால் 11க்குக் கீழே யாராலும் இறக்க முடியாது. மூன்று கட்டங்கள் என்று வந்துவிட்டால் பொதுவாக இப்படிக் கையடக்கமான விதி கிடையாது.

மெஷினும் ஆளும் தவிர நீராவிக்கும் கழிவுநீருக்கும் அட்டவணை வேண்டும். நான்கு மெஷின்கள் ஒரே நேரத்தில் ப்ளீச்சிங்குக்காக 98 டிகிரிக்கு ஏறினால் பாய்லர் அழுத்தம் இறங்கும், எல்லா லாட்டும் தாமதமாகும். தொடக்கத்தை அரை மணி நேரம் இடைவிட்டு வைத்தாலே இது தீரும். கழிவுநீர்க் கணக்கு இன்னும் கண்டிப்பானது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாத முறைக்கு மாறியவையே மீண்டும் இயங்க முடிந்தது. நொய்யல் ஆறு கெட்ட கேட்டுக்கு அது வந்தே தீர வேண்டிய உத்தரவு. 500 கிலோ துணிக்கு, கிலோவுக்கு 6 லிட்டர் தண்ணீர் என்ற விகிதத்தில், ஒரு குளியலுக்கு (மெஷினில் ஒருமுறை தண்ணீர் நிரப்ப) 3,000 லிட்டர். அடர் நிறத்துக்கு 8 முதல் 10 குளியல் என்றால் 24,000 முதல் 30,000 லிட்டர். சுத்திகரிப்பு நிலையம் ஒரு நாளில் எவ்வளவு வாங்கிக்கொள்ளுமோ, அதுதான் எத்தனை அடர் லாட் ஓட்டலாம் என்பதற்கும் வரம்பு.

அட்டவணையை நூற்றுக்கு நூறு நிரப்பக் கூடாது. வேலை ஒழுங்கில்லாமல் வரும் இடங்களில், ஒரு மெஷின் 80 சதவீதம் நிரம்பியிருக்கும்போது உள்ள காத்திருப்பை 1 பங்கு என்றால், 90 சதவீதத்தில் அது 2 பங்குக்கு மேல். 95 சதவீதத்தில் கிட்டத்தட்ட 5 பங்கு. ஷேடு தவறி மறுசாயத்துக்கு வரும் லாட் எப்படியும் இருக்கும். அதற்கு ஓர் ஓட்டத்தைக் காலியாக வைத்துத்தான் நாளைத் தொடங்க வேண்டும்.

துணி கொடுத்த பார்ட்டி போன் செய்து அவசரம் என்றால்? அடுத்த 8 மணி நேரத்துக்கான வரிசையைக் கலைக்காமல் வைத்து, அவசர லாட்டை அதற்குப் பின்னால் அதன் நிறம் பொருந்துகிற இடத்தில் செருக வேண்டும். அவசர நேவியை வான நீலத்துக்கும் கருப்புக்கும் நடுவில் வைத்தால் கூடுதல் கழுவல் இல்லை. வெள்ளைக்கு முன்னால் நுழைத்தால் ஒன்றரை மணி நேரம் போகும், அந்தத் தாமதம் பின்னால் நிற்கும் ஒவ்வொரு பார்ட்டியின் துணிக்கும் சேரும்.