இருபது பேர் போனா பாதுகாப்புன்னு யார் சொன்னது?

"பயப்படாதீங்க சார், நாங்க இருபது பேர் போறோம்." இதை இன்னொருத்தர் வந்து சொன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. நான் மலை கைடு. வாரத்துல பாதி நாள் குரூப் கூட்டிட்டு ஏறுறது, மீதி நாள் மலையேற்ற க்ளப் ஆளுங்களோட சேர்ந்து அதே பாதையை சரி பண்றது, இதான் பொழப்பு. ஆள் காணோம்னு போன் வந்தா தேடப் போறதும் நாங்கதான், அந்த போன் தனியா போனவங்களுக்காக வர்றதை விட கும்பலா போனவங்களுக்காகத்தான் ஜாஸ்தி வருது.

சமீபத்துல வந்தது இப்படி. ஒரு பெரிய குரூப், மத்தியானத்துக்கு மேல இறங்கிட்டு இருக்காங்க, கீழ வந்து வண்டியில ஏறும்போதுதான் ஒரு சீட் காலியா இருக்கேன்னு பாக்குறாங்க. கடைசியா அவரை யாரு பாத்தீங்கன்னு நான் கேட்டேன். முன்னாடி வந்தவங்க "பின்னாடி வர்றவங்களோட வர்றார்னு நினைச்சோம்"ங்கறாங்க, பின்னாடி வந்தவங்க "அவர் முன்னாடியே போயிட்டார்னு நினைச்சோம்"ங்கறாங்க. ரெண்டு மணி நேரமா ஒரு மனுஷன் ரெண்டு கும்பல் கணக்குலயும் இருந்திருக்கார், ஆனா எந்தக் கும்பல்லயும் இல்ல. ஆள் கிடைச்சார், கணுக்கால் வீக்கத்தோட ஒரு குறுக்குப் பாதையில உக்காந்திருந்தார், போன்ல சார்ஜ் இல்ல, போட்டோ எடுத்தே தீந்துருச்சு. அந்தக் குறுக்குப் பாதை கதைக்கு அப்புறம் வர்றேன், அது தனி வயித்தெரிச்சல்.

ஆள் கூடக் கூட ஒவ்வொருத்தர் கவனமும் குறையுதுங்க, இதைத்தான் யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. ரெண்டு பேர் போனா நிமிஷத்துக்கு ஒரு தடவை திரும்பிப் பாப்பாங்க. நாலு பேர் போனாலும் பாப்பாங்க. இருபது பேர் போனா யாரும் திரும்பிப் பாக்கறதில்ல, ஏன்னா யாராவது பாத்துக்குவாங்க. வழி யாராவது தெரிஞ்சு வச்சிருப்பாங்க, டார்ச் யாராவது கொண்டு வந்திருப்பாங்க, முதலுதவி டப்பா யாராவது பையில இருக்கும். ஒரு தடவை ஏறுறதுக்கு முன்னாடி பைகளைத் திறக்கச் சொன்னேன், அத்தனை பேர்ல ஸ்பீக்கர் மூணு இருந்துச்சு, கட்டுத்துணி ஒண்ணு கூட இல்ல.

இன்னொரு விஷயம், இதைக் கொஞ்சம் நீளமாவே சொல்றேன், ஏன்னா "நாங்க வெயிட் பண்ணிக் கூட்டிட்டுத்தான் சார் போனோம்"னு எல்லாரும் நெஞ்சை நிமித்திட்டு சொல்றது இதைத்தான். வேகமா நடக்கறவங்க அம்பது நிமிஷம் நடந்து ஒரு பாறையில உக்காருவாங்க, தண்ணி குடிப்பாங்க, ஷூவைக் கழட்டி மாட்டுவாங்க, போட்டோ எடுப்பாங்க. பதினஞ்சு நிமிஷம் கழிச்சு கடைசி ஆள் மூச்சு வாங்கிட்டு வந்து சேருவார். அவர் தலை தெரிஞ்ச உடனே "வந்துட்டாரு, கிளம்பலாம்"னு எல்லாரும் எந்திரிச்சுருவாங்க. இப்ப கணக்குப் போட்டுப் பாருங்க. நாலு இடத்துல இப்படி நின்னா முன்னாடி போறவங்களுக்கு ஒரு மணி நேரம் ஓய்வு, பின்னாடி வர்றவருக்கு ஒரு நிமிஷம் கூட கிடையாது. யாருக்கு உடம்பு முடியலையோ அவருக்குத்தான் ஓய்வே இல்ல, அதுக்கு மேல எல்லாரையும் லேட் பண்றோமேங்கற கூச்சம் வேற, அதனால தண்ணி கூட நின்னு குடிக்க மாட்டார், கால் வலிக்குதுன்னு வாயைத் திறக்க மாட்டார். அப்புறம் இறக்கத்துல தொடை நடுங்கி கால் பிசகும், எல்லாரும் சொல்வாங்க "அவர் ஃபிட்னஸ் பத்தல"ன்னு. ஃபிட்னஸ் பத்தலைன்னா நடக்க வச்ச விதம் சரியில்லைன்னு அர்த்தம்! கடைசி ஆள் வந்து உக்காந்ததுக்கு அப்புறம்தான் ஓய்வு நேரமே ஆரம்பிக்கணும். இன்னும் நல்லது, மெதுவா நடக்கறவரை லீடருக்கு அடுத்த ஆளா ரெண்டாவது இடத்துல விடுங்க, அவர் நடைதான் குரூப்போட நடை. இளவட்டங்களுக்கு போர் அடிக்கும், அடிக்கட்டும்.

நேரக் கணக்கும் இதே லட்சணம்தான். நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி 1892லயே ஒரு கணக்கு சொல்லி வச்சிருக்கார், சமதளத்துல 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறுற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம் சேத்துக்கோங்கன்னு. 12 கிலோமீட்டர் தூரம், 900 மீட்டர் ஏத்தம்னா கிட்டத்தட்ட நாலு மணி நேரம் ஆச்சு, அதுவும் நல்லா நடக்கறவங்களுக்கு, எங்கயும் நிக்காம. கலவையான குரூப்னா நான் கண்ணை மூடிட்டு ஆறு மணி நேரம் போடுவேன். ஆனா நம்ம ஆளுங்க பத்து மணிக்கு மெதுவா கிளம்பி "12 கிலோமீட்டர்தானே"ன்னு வருவாங்க. உச்சிக்கு வந்தாலும் வராட்டியும் இத்தனை மணிக்குத் திரும்பணும்னு கிளம்பும்போதே ஒரு நேரம் பேசி வச்சுக்கோங்க, அங்க போய் பேசினா நடக்காது, உச்சி கண்ணுக்குத் தெரியும்போது திரும்பச் சொன்னா யாரும் கேக்க மாட்டாங்க.

சரி, க்ளப்ல நாங்க என்ன பண்றோம்னு கேக்கறவங்களுக்கு. முன்னாடி ஒரு லீடர், கடைசியில ஒரு ஸ்வீப். ஸ்வீப்னா நடக்க முடியாம கடைசியில வர்றவர் இல்லீங்க, வழி தெரிஞ்ச, தெம்பான, பொறுமைசாலியான ஆள், அவரைத் தாண்டி பின்னாடி யாருமே இருக்கக் கூடாது. பாதை பிரியற இடத்துல முன்னாடி போறவர் நிக்கணும், பின்னாடி வர்றவர் கண்ணுல பட்டு, அவர் கையைத் தூக்கின பிறகுதான் நகரணும், இதையே ஒவ்வொருத்தரும் தனக்குப் பின்னாடி வர்றவருக்குப் பண்ணணும். ஒதுங்கப் போறீங்களா, பையைப் பாதை ஓரத்துல வச்சுட்டுப் போங்க, ஸ்வீப் அந்தப் பையைப் பாத்தா நிப்பார், பை இல்லைன்னா அவர் பாட்டுக்குப் போயிட்டே இருப்பார். தலை எண்ணும்போது லீடர் விரல் நீட்டி எண்ணக் கூடாது, நடுவுல வேற குரூப் ஆள் நாலு பேர் உக்காந்திருந்தா கணக்கு சரியா வந்த மாதிரியே இருக்கும். ஆளுக்கொரு நம்பர் குடுத்துருங்க, ஒண்ணு ரெண்டுன்னு அவங்கவங்க வாயால சொல்லட்டும். ஸ்கூல் பசங்க மாதிரி இருக்குன்னு சிரிப்பாங்க, கண்டுக்காதீங்க.

அப்புறம் தயவு செஞ்சு, உங்க காலைத் தொட்டு கேக்கறேன், பாதியில திரும்பிப் போறதா இருந்தா லீடர் முகத்தைப் பாத்து சொல்லிட்டுப் போங்க. பக்கத்துல வந்தவர்ட்ட சொன்னேன்ங்கறது கணக்குல வராது. வீட்ல போய் நல்லா தூங்கிட்டு இருந்த ஒருத்தருக்காக ராத்திரி மழையில டார்ச் அடிச்சுட்டு ஓடை ஓடையா தேடியிருக்கோம். அந்த ஈரத்துல வழுக்கி விழுந்து எங்க ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தா யாருங்க பதில் சொல்றது?

விசில் ஆளுக்கொண்ணு, கழுத்துல, பைக்குள்ள இல்ல. ஆல்ப்ஸ் பக்கத்து வழக்கப்படி நிமிஷத்துக்கு ஆறு தடவை ஊதணும், ஒரு நிமிஷம் விட்டுட்டு திரும்ப ஊதணும், பதிலுக்கு மூணு ஊதுவாங்க. சில நாடுகள்ல மூணு ஊதினாலே ஆபத்துன்னு அர்த்தம், அதனால எதுன்னு கிளம்பும்போதே பேசிக்கோங்க. தலையில மாட்டுற டார்ச்சும் ஆளுக்கொண்ணு. வழி தப்பிட்டோம்னு தெரிஞ்சா அங்கயே உக்காருங்க, நடக்காதீங்க, நடந்தா நாங்க தேட வேண்டிய இடம் பெருசாயிட்டே போகும்.

இப்ப அந்தக் குறுக்குப் பாதை. மலைப்பாதை ஏன் கொண்டை ஊசி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுதுன்னு நினைக்கிறீங்க, போட்டவனுக்கு வேற வேலை இல்லாமயா? பாதையோட ஏத்தம் மலைச்சரிவோட ஏத்தத்துல பாதிக்கு மேல போகக் கூடாதுன்னு பாதை போடுறவங்க கணக்கு ஒண்ணு இருக்கு, அதைத் தாண்டினா தண்ணி பாதையை விட்டு வெளிய போகாது, பாதையிலயே ஓட ஆரம்பிச்சுரும். நீங்க வளைவை வெட்டி நேரா இறங்குறீங்கள்ல, அது தண்ணி இறங்குற கோடு. முதல்ல நாலு பேர் இறங்கினா புல்லு சாயும், அடுத்த குரூப் இறங்கினா மண்ணு தெரியும், அடுத்த மழையில அது வாய்க்கால், அதுக்கடுத்த மழையில ஆள் முழங்கால் ஆழம் பள்ளம். பாக்கறதுக்கு அசல் பாதை மாதிரியே இருக்கும், அதை நம்பித்தான் அந்த மனுஷன் இறங்கி காலைப் பிசகிட்டு உக்காந்தார். இறங்குறவங்க உருட்டி விடுற கல்லு கீழ் வளைவுல நடந்து வர்றவங்க மேல விழுதுங்கறது தனி.

நாங்க அந்தக் குறுக்குப் பாதையை மூடுறதுக்குக் காஞ்ச கிளையும் முள்ளும் இழுத்துப் போட்டு வச்சா, பாவம் மரம் விழுந்து பாதை மறைஞ்சுருச்சுன்னு நல்லெண்ணத்துல எடுத்து ஓரமா போட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. வடிகாலைப் பாத்தா எனக்கு இன்னும் கோவம் வரும். பாதையை சாய்வா வெட்டி, கல்லோ மரக்கட்டையோ பதிச்சு தண்ணியை வெளிய திருப்பி விட்டிருப்போம், நடக்கறவங்களுக்கு அது ஒரு சின்னப் பள்ளமா தெரியும், கால் இடறுதேன்னு அதுல கல்லைப் போட்டு நிரப்பி சமமா ஆக்கிட்டுப் போவாங்க, சமூக சேவை! ஒரே பெருமழை, கீழ நூறு அடிக்குப் பாதையே இருக்காது. கல் படிக்கட்டு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய கல்லா கிடக்குதேன்னு நகத்தி வைக்காதீங்க, அது தானா வந்து கிடக்கல, நீங்க படியை விட்டுட்டு ஓரமா நடந்து மண்ணைக் கரைக்கக் கூடாதுன்னு நாங்க கடப்பாரை போட்டு நெம்பி உருட்டி வச்சது. போட்டோவுக்காக கல் மேல கல் அடுக்குறதையும் விட்டுருங்க, மூடுபனியில அதை வழிக்குறின்னு நினைச்சு ஒருத்தர் அந்தப் பக்கம் போவார்.

சேறு இருந்தா நடுவுலயே நடங்க. ஷூ அழுக்காகும்தான், அதுக்குத்தான் ஷூ. இருபது பேரும் சேறு ஒட்டாம சுத்திப் போனா ரெண்டடி பாதை ஒரே நாள்ல ஆறடி ஆகும், அந்த ஆறடியும் அடுத்த வாரம் சேறு, அதையும் சுத்திப் போவாங்க.

"இதெல்லாம் அரசாங்கம் பாக்க வேண்டியது"ன்னு உடனே ஒருத்தர் வருவார். அமெரிக்காவுல அப்பலாச்சியன் பாதைன்னு ஒண்ணு இருக்கு, 1921ல யோசனை வந்து 1937ல முழுசா இணைஞ்சது, ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், அவ்வளவு நீளத்தையும் பகுதி பகுதியா பிரிச்சு எடுத்துக்கிட்டு அன்னைக்குலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் பாத்துக்கறதுல பெரும்பங்கு உள்ளூர் மலையேற்ற க்ளப்புகளும் தன்னார்வலர்களும்தான், சம்பளம் இல்லாம.

எல்லாரும் மண்வெட்டி தூக்கணும்னு நான் சொல்லல. நடந்து போகும்போது வடிகால் வாயில இலை அடைச்சுட்டு இருந்தா ஷூ குதிகாலால நாலு இழுப்பு இழுத்து விட்டுட்டுப் போங்க, பத்து செகண்ட் வேலை, அந்த இடத்துல நாங்க ஒரு நாள் பூரா மண்ணு சுமக்கறது மிச்சம். அதைக் குழந்தைங்க கூட செய்யும், தண்ணி சளசளன்னு வெளிய ஓடுறதைப் பாத்தா விடவே மாட்டாங்க, அடுத்த வடிகால் எங்கன்னு தேடுவாங்க.

பாதை வேலைக்கே வர்றதா இருந்தா சந்தோஷம், ஆனா சில விஷயம். மண்வெட்டி, கடப்பாரையைத் தோள்ல வச்சுட்டு வீரன் மாதிரி நடக்கக் கூடாது, பள்ளப் பக்கத்துக் கையில, தொங்க விட்டு, நடுவுல பிடிச்சுட்டு நடங்க, வழுக்கினா அந்தப் பக்கம் வீசிட்டு விழலாம். ஆளுக்கு ஆள் பத்தடி இடைவெளி, நடக்கும்போதும் சரி வெட்டும்போதும் சரி. கிளை வெட்டினா அடி ஒட்டி வெட்டுங்க, அரை அடி நீட்டிட்டு விட்டா அது யாரோ ஒருத்தர் கண்ணுக்கு நேரா நிக்கும். வெட்டின கிளையைப் பாதையிலேர்ந்து கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு இழுத்துப் போடுங்க. பெரிய கல்லை நகத்தும்போது கீழ் வளைவுல ஆள் இல்லைன்னு ஒருத்தர் போய் நின்னு பாத்து குரல் குடுக்கணும், மேலேர்ந்து எட்டிப் பாத்துட்டு "யாரும் இல்ல"ன்னு சொல்றதெல்லாம் வேணாம். டூல்ஸ் க்ளப்ல இருக்கும். க்ளவுஸ், ரெண்டு லிட்டர் தண்ணி, நல்லா பழகின ஷூ, விசில். ஸ்பீக்கரை வீட்லயே வச்சுட்டு வாங்க.